ஆக்கப் பொறுத்தோர் ஆறவும் பொறுப்போம்

(ஆய்வகப் பணியாளர்க்கும் தொழிற்பயிற்சி மாணவர்க்கும் தமிழில் நிகழ்ந்த அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

    

வெற்றிடத்தை உண்டாக்கும் பொறி ஒன்றை எவ்வாறு ஏதமின்றி நிறுத்துவது, நிறுத்தியபின் அதனுள் எவ்வாறு மீண்டும் காற்றை விடுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஒரு பொறியை ஓட்டக் கற்றுத் தருவார்கள். பழுது பார்க்கக் கற்றுத் தருவார்கள். நிறுத்துவதற்குமா ஓர் உரை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். விளக்கை அணைப்பதுபோல் ஒரு சொடுக்கியைத் தட்டினால் முடிந்துபோகும் வேலைதானே என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில்தான் கேடு தொடங்குகிறது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. உலை வைத்து, அரிசி களைந்து, அடுப்பு ஊதி, சோறு ஆகும்வரை பொறுத்திருந்தவன், அது ஆறும் அந்தச் சிறுபொழுது பொறாமல் நாவைச் சுட்டுக்கொள்கிறான். வெற்றிடக் கலத்தின்முன் நிற்கும் நம் தோழர்களும் அப்படித்தான். கலத்திலுள்ள காற்றை வெளியேற்ற ஓர் இரவும் ஒரு பகலும் பொறுத்திருப்பார்கள். ஆய்வு முடிந்ததும், மூடியைத் திறக்கப் பத்து மணித்துளி பொறுக்க மாட்டார்கள். அந்தப் பத்து மணித்துளியைப் பற்றியதே இவ்வுரை.

முதலில் பெயர்களை ஒழுங்கு செய்துகொள்வோம். ஆலையில் 'பம்பு' என்று வழங்குவதை 'எக்கி' என்கிறோம். 'வால்வு' என்று வழங்குவதை 'ஓரதர்' என்கிறோம். அதர் என்பது வழி. வேண்டும்போது திறந்தும் வேண்டாதபோது அடைத்தும் வைக்கும் வழி என்று பொருள்கொள்க. விரைந்து சுழலும் இதழ்களால் காற்றின் மூலக்கூறுகளை அடித்து வெளியேற்றும் எக்கியைச் 'சுழலிதழ் எக்கி' என்று அழைக்கலாம். கைபேசியிலும் கணிப்பொறியிலும் உள்ள சில்லுகளைச் செய்யும் ஆலைகளில் இது உண்டு. எதிர்மின்னி நுண்ணோக்கியில் உண்டு. மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரித்துக் காட்டும் நிறைநிறமாலைமானியில் உண்டு. உணவில் கலந்த நஞ்சையும் நீரில் கலந்த மாசையும் கண்டறியும் ஆய்வகங்களில் இன்று இவ்வெக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிய எக்கியுள் மீண்டும் காற்றையோ வேறு வளியையோ முறையாக விடுவதை 'வளியூட்டல்' என்று கூறுவோம்.

வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம் என்று கருத வேண்டா. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிபார். இக்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருள், அஃதாவது ஒரு சுண்டுவிரல் நுனியளவு இடத்துள், 25 எழுதிப் பின்னே 18 சுழிகளை இட்டால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. அழுத்தத்தை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும், அதே விரல் நுனியளவு இடத்துள் ஏறத்தாழ 2,500 கோடி மூலக்கூறுகள் எஞ்சி நிற்கும். ஆயினும் அவற்றின் நடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திறந்த காற்றில் ஒரு மூலக்கூறு, மில்லிமீட்டரில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு தொலைவு போவதற்குள் மற்றொன்றோடு மோதிவிடுகிறது. அந்த வெற்றிடத்திலோ ஒன்றோடொன்று மோதாமல் 60 மீட்டருக்கு மேலும் போகும். கலம் அவ்வளவு பெரிதன்று. ஆகவே மூலக்கூறுகள் தம்முள் மோதாமல் கலத்தின் சுவரிலேயே மோதித் திரும்புகின்றன.

தனித்தனியே அலையும் இவற்றை உறிஞ்சி இழுக்க முடியாது. உறிஞ்சுதல் என்பது நெருக்கமாக நிற்கும் கூட்டம் ஒன்றையொன்று தள்ளுவதால் நடப்பது. கூட்டமே இல்லாத இடத்தில் யார் யாரைத் தள்ளுவது? தானாக வந்து வாயிலில் விழும் மூலக்கூற்றை, ஓடும் இதழால் அடித்து ஒரே பக்கமாக அனுப்புவதுதான் வழி. செருமனி நாட்டு அறிஞர் உல்ப்காங்கு கேடே, விரைந்து சுழலும் உருளையின் பரப்பால் மூலக்கூறுகளை இழுத்துச் செல்லும் எக்கியை 1913-ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். அதில் சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் இடைவெளி மிக நுண்ணியது. சிறு துகள் புகுந்தாலும் இறுகிக்கொள்ளும். அதன்பின் அதே நாட்டின் வெட்சுலார் நகரில் பைபர் நிறுவனத்தில் பணிபுரிந்த வில்லி பெக்கர், சாய்ந்த இதழ் வரிசைகளைச் சுழலவிட்டு, அவற்றினிடையே நிலையான இதழ் வரிசைகளை நிறுத்தி, 1958-ஆம் ஆண்டில் புதிய எக்கி ஒன்றை உலகுக்கு அறிவித்தார். அதுவே இன்றைய சுழலிதழ் எக்கியின் முன்னோன்.

பெக்கர்க்கு இவ்வெண்ணம் எதனால் தோன்றியது என்பதை நினைவில் கொள்க. அந்நாளைய எக்கிகளிலிருந்து எண்ணெய் ஆவி கலத்துள் ஏறி வந்து தூய்மையைக் கெடுத்தது. அதனைத் தடுக்கும் வழியைத் தேடியபோதே சுழலும் இதழ்களைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். எண்ணெயைத் தடுக்க வந்த காவலன் பின்பு தானே எக்கியாக வளர்ந்தான். காவலன் உறங்கினால் என்ன நேரும் என்பதைப் பிறகு கூறுகிறேன்.

இவ்வெக்கி எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது? காற்றின் மூலக்கூறுகள் அறை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர் விரைவில் பறக்கின்றன. அவற்றை அடிக்க வேண்டுமாயின் இதழும் அவ்விரைவை நெருங்க வேண்டும். நடுத்தர எக்கி ஒன்று மணித்துளிக்கு 60,000 முறை, அஃதாவது நொடிக்கு 1,000 முறை சுழலும். சிறிய எக்கி மணித்துளிக்கு 90,000 முறையும் சுழலும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சுழலி நொடிக்கு 1,000 முறை சுழன்றால், இதழின் நுனி நொடிக்கு 314 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஒலி செல்லும் விரைவுக்கு இது மிக அருகில் உள்ளது. அச்சுழலியை எட்டி நின்று பார்ப்பவர்க்கு அது அசைவதாகவே தோன்றாது. நன்றாகச் சுழலும் பம்பரத்தை உறங்குகிறது என்று சிறுவர்கள் சொல்வார்களே, அதுபோன்ற உறக்கம் இது.

அந்த உறக்கத்தில் அடங்கியுள்ள ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ எடையுள்ள பொருள் நொடிக்கு 200 மீட்டர் விரைவில் ஓடினால் அதன் ஆற்றல் 20,000 சூல். ஆயிரம் கிலோ எடையுள்ள மகிழுந்து மணிக்கு 23 கிலோமீட்டர் விரைவில் போகும்போது கொண்டிருக்கும் ஆற்றலும் அதுவே. சோற்றுப்பானை அளவுள்ள ஒரு மாழைக் கூட்டுக்குள் ஓடும் மகிழுந்து ஒன்று அடைபட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டால் மகிழுந்து நின்றுவிட்டது என்று பொருளன்று. வெற்றிடத்தில் அதனைத் தடுத்து நிறுத்தக் காற்றே இல்லை. தாங்கிகளின் சிற்றுராய்வு ஒன்றே தடை. ஆகவே அது பல மணித்துளிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சில எக்கிகள் அரைமணிக்கு மேலும் ஓடும். சொடுக்கியை அணைத்தது நாம். நிற்க வேண்டியது சுழலி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதே ஏதம் நிறைந்த பொழுது.

இப்பொழுதில் நேரும் முதற்பிழை, விரைந்து திறப்பது. ஓரதரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால், வெளிக்காற்று முழுவதும் கூட்டமாக உள்ளே பாய்கிறது. ஒவ்வொரு மூலக்கூறாக அடிப்பதற்கென்று செய்யப்பட்ட மெல்லிய இதழ்கள், திடுமெனக் காற்றாகிய சுவரில் மோதுகின்றன. ஏரி மதகை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். மதகை மெல்ல மெல்லத் தூக்கினால் நீர் வாய்க்காலில் நடந்து போகும். ஒரேயடியாகத் தூக்கினால் வாய்க்காலின் கரையை அறுத்துக்கொண்டு போகும். பாயும் காற்று இதழ்களை வளைக்கிறது. சுழலியை மேலோ கீழோ தள்ளுகிறது. சுழலும் இதழுக்கும் நிற்கும் இதழுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. ஒன்று மற்றொன்றைத் தொட்டால் போதும், அடுத்த நொடியில் உள்ளே எல்லாம் நொறுங்கிப்போகும். அப்போது 20,000 சூல் ஆற்றலும் கண்ணிமைப்பொழுதில் எக்கியின் கூட்டைத் திருக முயலும். அதனாலேயே எக்கியைக் கலத்தோடு இணைக்கும் மரையாணிகள் எத்தனை, என்ன வலிமை உடையவை என்றெல்லாம் கையேட்டில் வரையறுத்திருக்கிறார்கள். எட்டு ஆணி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போதும் என்று விடுவது, ஓடும் மகிழுந்தைக் கயிற்றால் கட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒருமுறை அப்படித் திறந்தேன், எக்கி ஒன்றும் ஆகவில்லையே என்பார் உண்டு. உடையாமல் இருக்கலாம்; தேயாமல் இருக்காது. உருள்மணித் தாங்கி உள்ள எக்கியில் ஒவ்வோர் அதிர்ச்சியும் தாங்கியின் வாழ்நாளைக் குறைக்கிறது. காந்த விசையால் சுழலியை எங்கும் தொடாமல் மிதக்கவிடும் எக்கிகளும் உள்ளன. அவற்றில் மிதப்புத் தவறினால் ஏந்திக்கொள்ளக் காப்புத் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். முழு விரைவில் சுழலி அவற்றின்மேல் விழுவதை ஒரு சில முறையே அவை பொறுக்கும். பிறகு மாற்றியாக வேண்டும். இன்று ஒன்றும் ஆகவில்லை என்பது, கணக்கில் பற்று எழுதப்படவில்லை என்று பொருள்படாது.

இரண்டாம் பிழை, திறக்காமலே விட்டுவிடுவது. மாலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது அமைதியான பிழை, ஓசை எழுவதில்லை. ஆனால் அப்போதுதான் காவலன் உறங்குகிறான். சுழலிதழ் எக்கி தன் காற்றைத் திறந்தவெளிக்கு நேரே தள்ள வல்லதன்று. அதன்பின்னே துணை எக்கி ஒன்று உண்டு. பல இடங்களில் அத்துணை எக்கி எண்ணெயில் ஓடுவது. சுழலி முழு விரைவில் சுழலும்வரை எண்ணெயின் எடைமிக்க மூலக்கூறுகளை மேலே வரவிடாது. எடை மிகுந்த மூலக்கூற்றையே அது மிக நன்றாகத் தடுக்கும். சுழற்சி தளரத் தளர அத்தடுப்பும் தளர்கிறது. நின்றுவிட்டால் வழி திறந்தே கிடக்கிறது. எண்ணெய் ஆவி இரவெல்லாம் மெல்ல ஏறிக் கலத்தின் சுவரெங்கும் படலமாகப் படிகிறது. மறுநாள் ஆய்வில் தெரிவது நீரின் மாசா, தன் எக்கியின் எண்ணெயா என்று அறிய முடியாமல் ஆய்வர் திகைக்கிறார். பெக்கர் எந்தக் கேட்டைத் தடுக்க இவ்வழியைத் தேடினாரோ, அந்தக் கேட்டையே நாம் கைப்பிடித்து அழைத்து வருகிறோம்.

விரைந்து திறந்தால் உடைகிறது; திறக்காமல் விட்டால் அழுக்காகிறது. எனவே உரிய பொழுதில், உரிய இடத்தில், உரிய அளவில், உரிய வளியை விடுவதே முறை. இந்நான்கையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, உரிய பொழுது. எக்கியை அணைக்குமுன் கலத்தினுள் சூடாக உள்ளவற்றை அணைக்க வேண்டும். செவ்வெப்பத்தில் எரியும் மின்னிழையின்மேல் காற்றுப் பட்டால் அது தீய்ந்துபோகும். அழுத்தமானியிலும் அத்தகைய இழை இருக்கக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது. உயர் மின்னழுத்தத்தை நிறுத்துக. சூடான பகுதிகள் ஆறட்டும். அதன்பின் எக்கியின் மின்னோட்டத்தை நிறுத்துக. மின்னோடி இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போது வளியை விட்டால், சுழலி காற்றோடு போராடிச் சூடேறும். வெற்றிடத்தில் தொங்கும் அச்சுழலிக்கு வெப்பத்தை வெளியேற்றும் வழி மிகக் குறைவு. நிறுத்தியபின் சுழற்சி பாதியாகும்வரை பொறுத்திருங்கள். பாதி என்பது எதனால்? சுழற்சி பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, காற்பங்காகிறது. இதழ்களைப் பிய்த்தெறிய முயலும் இழுவிசையும் காற்பங்காகிறது. 20,000 சூல் 5,000 சூலாகக் குறைந்துவிடுகிறது. சில மணித்துளிப் பொறுமைக்கு முக்காற்பங்கு ஏதம் குறைகிறது என்றால், அதனினும் மலிவான காப்பு எங்கே கிடைக்கும்? பாதி விரைவில் தானாகவே வளியூட்டத் தொடங்கும் அமைப்பும் பல எக்கிகளில் உண்டு. இல்லாத இடத்தில் சுழற்சியைக் காட்டும் எண்பலகையே நம் கடிகாரம்.

இரண்டாவது, உரிய இடம். வளியூட்டத் தொடங்குமுன், துணை எக்கிக்குப் போகும் குழாயின் ஓரதரை மூடிவிடுக. பிறகு துணை எக்கியை நிறுத்துக. வளியை எப்போதும் தூய பக்கத்திலிருந்தே விட வேண்டும். கலத்தின் வழியாகவோ, எக்கியின் உடலில் இதற்கென்றே அமைத்துள்ள துளையின் வழியாகவோ விடலாம். துணைக்குழாயின் வழியாக விடுதல் ஆகாது. அவ்வாறு விட்டால் குழாயில் தேங்கிய எண்ணெயையும் தூசையும் காற்று வாரிக்கொண்டு கலத்துக்குள் கொட்டும். வாசலைக் கூட்டுகிறவர்கள் வீட்டுக்குள்ளிருந்து தெருவை நோக்கித்தான் கூட்டுவார்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் யாரும் கூட்டுவதில்லை.

மூன்றாவது, உரிய அளவு. எக்கியைச் செய்தோர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதுவே நமக்கு இறுதிச் சொல். நொடிக்கு 15 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறலாகாது என்பது பல எக்கிகளுக்கு வகுத்துள்ள அளவு. இதனை நம் நடைமுறைக் கணக்காக மாற்றிக்கொள்வோம். 1,000 மில்லிபாரை 15-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67 வரும். அஃதாவது, கலம் முழுதும் நிறைய 67 நொடிக்குக் குறையாமல் ஆக வேண்டும். ஒரு மணித்துளிக்குள் நிறைந்துவிட்டது என்றால் நாம் எல்லை மீறிவிட்டோம். சிறிய கலம் விரைந்து நிறையும். ஆகவே கலம் சிறிதாகச் சிறிதாக ஓரதரின் திறப்பும் சிறிதாக வேண்டும். கைத்திறத்தை நம்பாமல், நுண்துளைத் தடை ஒன்றைக் குழாயில் நிலையாகப் பொருத்திவிட்டால், புதிதாக வந்த பணியாளர் முழுதாகத் திறந்தாலும் கேடு நேராது.

நான்காவது, உரிய வளி. அறைக்காற்றில் நீராவி உண்டு. நம் கடற்கரை ஊர்களின் காற்றைச் சொல்லவே வேண்டா. அந்நீராவி கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டால், மறுமுறை வெற்றிடம் உண்டாக்கும்போது மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே உலர்ந்த நைட்டிரசன் வளியைத் துகள்வடிகட்டியின் வழியாக விடுவதே சிறந்தது. நஞ்சான வளிகளையும் அரிக்கும் வளிகளையும் கையாண்ட கலமாயின், வளியூட்டுமுன் அவற்றை முழுவதும் வெளியேற்றி, நைட்டிரசனால் பலமுறை அலசிய பிறகே திறக்க வேண்டும். இங்கே உடையப்போவது எக்கியன்று, பணியாளரின் நுரையீரல்.

நைட்டிரசனைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். உருளையில் அடைத்த வளி 150 வளிமண்டல அழுத்தமோ அதற்கு மேலோ கொண்டிருக்கும். வெற்றிடக் கலமோ வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. கண்ணாடிப் பலகணி வெடித்துச் சிதறும். ஆகவே அழுத்தச் சீராக்கியை மிகக் குறைவாக வைத்து, மிகை அழுத்தத்தைத் தானே வெளிவிடும் ஓரதர் ஒன்றையும் கலத்தில் பொருத்த வேண்டும். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தோடு ஒத்தவுடன் வளியை நிறுத்திவிட வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை உயிரைப் பற்றியது. ஒரு பெரிய உருளையில் ஏறத்தாழ 7 கன மீட்டர் நைட்டிரசன் அடங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டரான அடைத்த அறையில் அது முழுவதும் கசிந்தால், காற்றில் 21 விழுக்காடாக உள்ள உயிர்வளி ஏறத்தாழ 16 விழுக்காடாகிவிடும். 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தாலே பணியிடத்தில் ஏதம் என்று கொள்கிறார்கள். நைட்டிரசனுக்கு மணமில்லை, நிறமில்லை, மூச்சுத் திணறலும் தோன்றாது. கரியமில வளி மிகுந்தால்தான் நம் உடல் திணறிக் காட்டும். உயிர்வளி குறைவதை அது அறிவிப்பதில்லை. உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்வார். தூக்கப் போனவரும் சாய்வார். பலகணியைத் திறந்து வைத்தலும், வேலை முடிந்ததும் உருளையின் வாயை மூடுதலும் எளிய செயல்கள். ஆயினும் உயிரைக் காப்பவை அவையே.

வளியூட்டி முடிந்தபின்னும் மரையாணியில் கைவைக்கப் பொறுத்திருக்க வேண்டும். சுழற்சி சுழி என்று எண்பலகை காட்டிய பிறகே எக்கியைக் கழற்றலாம். மூடி திறக்கவில்லை என்று நெம்புகோலால் நெம்புவோர் உண்டு. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு மூடியின்மேலேயே வெளிக்காற்று 80 கிலோ எடையளவு அழுத்துகிறது. மூடி திறக்கவில்லை என்றால் உள்ளே இன்னும் வெற்றிடம் இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது. நெம்பாமல் ஓரதரைப் பார்க்க வேண்டும்.

செருமனியின் மாக்டபர்க்கு நகரத் தலைவர் ஓட்டோ வான் கெரிக்கே 1657-ஆம் ஆண்டில் தம் நகரில் இதனையே காட்டினார். ஏறத்தாழ அரை மீட்டர் விட்டமுள்ள இரண்டு செப்பு அரையுருண்டைகளைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை எக்கியால் வெளியேற்றினார். பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தும் அவற்றைப் பிரிப்பது அரிதாயிற்று. ஆனால் சிறிய ஓரதரைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் அவை தாமே பிரிந்தன. பதினாறு குதிரைக்கு அரிதானது விரலளவு திறப்புக்கு எளிதாயிற்று. வலிமையால் ஆகாதது முறையால் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

கலத்துக்கும் எக்கிக்கும் நடுவே அகன்ற அடைப்புக் கதவு உள்ள பொறிகளில், கதவை மூடிக்கொண்டு கலத்துக்கு மட்டும் வளியூட்டலாம். எக்கி தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அது நல்ல ஏற்பாடே. ஆயினும் கலத்தில் காற்று நிறைந்திருக்கும்போது அக்கதவைத் தவறித் திறந்துவிட்டால், நாம் முதலிற் கண்ட கேடு முழு விரைவில் முழு அளவில் நேரும். கலத்தின் அழுத்தம் தாழாமல் கதவு திறவாதபடி தானியங்கித் தடை அமைத்திருந்தால், வேலை விரைவாக முடிய வேண்டும் என்று அத்தடையைக் கழற்றிவிடாதீர்கள்.

தோழர்களே! இம்முறைகள் எல்லாம் எக்கியோடு வரும் கையேட்டில் உள்ளவையே. பின் எதற்காக இவற்றைத் தமிழில் இவ்வளவு நேரம் பேச வேண்டும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினால் போதாதா? போதாது. வரிசையை மனப்பாடம் செய்தவர் வரிசை குலையும் நாளில் திகைத்து நிற்பார். அத்தகைய நாள் நமக்கு அயலானதன்று. வேலையின் நடுவே மின்னோட்டம் அற்றுப்போகிறது. துணை எக்கி நின்றுவிட்டது. சுழலியோ இன்னும் சுழல்கிறது. கையேட்டின் முதல் வரி மின்னோட்டத்தை நிறுத்துக என்கிறது, மின்னோட்டமே இல்லை. இப்போது என்ன செய்வது?

ஏன் என்று அறிந்தவர் தடுமாற மாட்டார். பல எக்கிகளில் மின்னோடியே மின்னாக்கியாக மாறி, சுழலியின் ஆற்றலைக் கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சிறிது நேரம் இயக்கும் என்பது அவர்க்குத் தெரியும். ஆகவே நொடிப்பொழுது மின்தடைக்குப் பதறிக் காற்றை விடமாட்டார். தடை நீடித்தால், துணைக்குழாயின் ஓரதர் மூடியிருக்கிறதா என்றே முதலில் பார்ப்பார்; எண்ணெய் மேலே வரும் வழி அதுதான் என்பதை அறிவார். மின்னோட்டம் அற்றால் தானே திறக்கும் வளியூட்டு ஓரதர் தம் எக்கியில் உண்டா என்பதையும் முன்பே கண்டு வைத்திருப்பார். இல்லையென்றால் சுழற்சி தளரப் பொறுத்திருந்து, மெல்லக் கையால் வளியூட்டுவார். காவலன் உறங்குமுன் கதவை அடைக்க வேண்டும் என்ற ஒரு கருத்து அவர் உள்ளத்தில் இருந்தால், எழுதப்படாத வரியையும் அவரே எழுதிக்கொள்வார்.

எப்படி என்பதைச் சைகையாலும் கற்பிக்கலாம். ஏன் என்பதை உள்ளத்தில் ஓடும் மொழியிலன்றிக் கற்பிக்க இயலாது. ஓரதரின் பிடியில் கைவைத்திருப்பவர் ஆய்வகத் தலைவரல்லர், நீங்கள். ஆகவே அந்த ஏன் உங்கள் மொழியில் உங்களிடம் இருக்க வேண்டும். ஆய்வகந்தோறும் எக்கியின் அருகே ஒரு தாளைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே அதன் பொருட்டு என்ன என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். உங்கள் எக்கிக்குரிய எண்களைக் கையேட்டிலிருந்து எடுத்து நிரப்புங்கள். நாளை புதிதாக வரும் இளைஞர் அதனைப் படித்துவிட்டு உங்களையே ஒரு வினாக் கேட்பாராயின், அத்தாள் பயன் தந்துவிட்டது என்று மகிழுங்கள்.

ஆக்குவது ஓர் உழைப்பு. ஆறவிடுவதும் ஓர் உழைப்பே. இரண்டையும் பொறுத்துச் செய்வோம்.